தண்ணீருக்கு அடியில் ஒரு பிசிறு

பாண்டியன் நகர், திருப்பூர்
27-1-2025

அன்புள்ள மாப்பிள்ளை ஆதிப்புக்கு,

அருள்செல்வன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அனுப்பிரியாவும் பிள்ளைகளும் நலம். அங்கே நீயும் ஷாஹிதாவும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் வேண்டியிருக்கிறது, நீ போனை எடுப்பதில்லையே. பொங்கல் லீவுக்கு நாம் நண்பர்கள் நால்வரும் ஸ்கூபா டைவிங் பழக அந்தமான் போய் வந்ததில் இருந்து ஒரு நாளாவது என்னோடு பேசினாயா? நீ நெய்து தரும் காலர் பண்டலை எடுக்க உன் யூனிட்டுக்கு வரும் என் டிரைவர் ஆறுச்சாமி அண்ணனிடம் விசாரித்தால், "அவுரு நல்லாத்தானுங்க இருக்காரு, எனக்கு டீயெல்லாம் வாங்கிக் குடுத்தாருங்க" என்கிறார். டிரைவருக்கு டீ கிடைக்கிறது. பள்ளிக்கூடத்தில் இருந்து கூடவே திரிகிற எனக்கு ஒரு ஹலோ கிடையாது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். கோழி கிளறின மாதிரி எழுத்து இருந்தால் சிரிக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். கடலுக்கு அடியில் உனக்கு நடந்ததை, நம்மோடு வந்த செல்வக்குமார் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். அவன் வாயைப் பற்றி உனக்குத் தெரியும். "ஆதிப்பு தண்ணிக்குள்ள பயந்துட்டான், அருளு கெட்டியாப் புடிச்சுக் காப்பாத்திப்புட்டான்" என்று காதர்பேட்டை வரைக்கும் பேச்சு. சாயப்பட்டறை பொங்கியண்ணன் அண்ணன், அதுதான் நம் நண்பர்கள் மன்றத் தலைவர், போன வாரம் என் யூனிட்டுக்கே வந்துவிட்டார். "உசுரக் காப்பாத்துன ஆளு நம்ம மன்றத்துல இருக்கறது மன்றத்துக்கே பெருமைங்க தம்பி" என்றார். பிப்ரவரி ஒன்பதாம் தேதி ஆண்டு விழாவில் எனக்குச் சால்வை போடுகிறார்களாம். நீயும் மேடையேறி இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவர் கேட்கிற ஆளா?

பொங்கியண்ணன் அண்ணன் வந்ததற்கு முந்தின நாள் உன் அம்மா வந்திருந்தார். தூக்குவாளி நிறைய நெய்ச்சோறு. அனுப்பிரியாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கட்டிங் டேபிளில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். சோற்றைப் பிள்ளைகள்தான் சாப்பிட்டார்கள். எனக்கு இறங்கவில்லை.

விழாவைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. வருகிறேன் என்றாலும் சரி, திட்டினாலும் சரி. பேசாமல் மட்டும் இருக்காதே.

என்றும் உன்
அருள்


பெரியதோட்டம், திருப்பூர்
31-1-2025

அன்புள்ள அருளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலம். மெரூன் காலர் பண்டலை ஆறுச்சாமி அண்ணன் வண்டியில் ஏற்றிவிட்டேன். துணியோடு வைத்து ஷேடு பார்த்துக்கொள், லேசாக மாறுகிற மாதிரி எனக்குப் பட்டது.

"உனக்கு நடந்தது" என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் எனக்குப் பயமாகிவிட்டது. சொல்லிச் சொல்லி நீயே அதை நம்ப ஆரம்பித்துவிட்டாயோ என்னவோ. அதனால் ஒருமுறை எழுதிவிடுகிறேன்.

பயிற்சியின் கடைசி நாள். நீயும் நானும் ஜோடி. கடலடி மணலில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தோம். செல்வக்குமாரின் கண்ணாடிக்குள் தண்ணீர் போய்விட்டது என்று பயிற்சியாளர் அவன் பக்கம் போயிருந்தார். நான் மீன் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் உன் வாயில் காற்றுக்குழாயின் மவுத்பீஸ் இல்லை. அவசரத்துக்கு என்று என் நெஞ்சில் இன்னொன்று தொங்கியதே, மஞ்சள் நிறத்தில், அதை எடுத்து உன்னிடம் நீட்டினேன். நீ அதைத் தட்டிவிட்டு என் வாயில் இருந்ததைப் பிடுங்கினாய். பிடுங்கி உன் வாயில் வைத்துக்கொண்டு, என் கை இரண்டும் அசையாதபடி என்னைக் கட்டிக்கொண்டாய். உதறிப் பார்த்தேன், நீ விடவில்லை. உப்புத்தண்ணீர் உள்ளே போக ஆரம்பித்தது. ஷாஹிதாவுக்கு யார் போய்ச் சொல்வார்கள் என்று நினைத்தேன். நல்லவேளையாகப் பயிற்சியாளர் பார்த்துவிட்டார். நம்மைப் பிரித்து, இருவரையும் மேலே இழுத்து வந்தது அவர்தான்.

படகில் அவர் இந்தியில் கத்தியது நம் ஆட்களுக்குப் புரியவில்லை. நான் ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். "ஏன்டா, ஆதிப்பு பயந்துட்டானா? நீதான் புடிச்சியா?" என்று செல்வக்குமார் உன்னைக் கேட்டான். நீ என்னைப் பார்த்தாய். அப்புறம் தலையை ஆட்டினாய். பதற்றத்தில் ஆட்டிவிட்டான், ரூமுக்குப் போனதும் சொல்லிவிடுவான் என்று காத்திருந்தேன். ரூமிலும் நீ சொல்லவில்லை. விமானத்திலும் சொல்லவில்லை.

உயிர்ப்பயத்தில் பிடுங்கியதற்கு உன்மேல் எனக்கு வருத்தமே கிடையாது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேனோ என்னவோ. தலையை ஆட்டினாய் பார், அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

உனக்குக் கிணற்றில் நீச்சல் சொல்லிக்கொடுத்தவன் நான். இப்போது டீக்கடையில் என்னைப் பார்த்தால், "தண்ணி குடிக்கறீங்களா பாய், பயமில்லீங்களே" என்று சிரிக்கிறார்கள். அமராவதி அணைப் பக்கம்கூடப் போகக்கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கிவிட்டார். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தொழுகையும் முடிந்ததும் அம்மா கையேந்தி முதலில் உன் பெயரைச் சொல்லித்தான் துஆ கேட்கிறார். என் பெயர் அதற்கப்புறம்தான். நான் ஷாஹிதாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறேன். அம்மா துஆ கேட்க ஆரம்பித்தால் அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. நன்றாகத்தானே மூச்சு விட்டுக்கொண்டிருந்தாய். உன் மவுத்பீஸ் எதற்காக வெளியே வந்தது?

ஆதிப்


பாண்டியன் நகர்
3-2-2025

அன்புள்ள ஆதிப்,

உன் கடிதத்தை யூனிட் பாத்ரூமில் நின்று படித்தேன். வெளியே வர மனசே இல்லை. சூப்பர்வைசர் வந்து கதவைத் தட்டினார்.

நீ எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கேட்டாயே, அதற்குப் பதில் எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எழுதித்தானே ஆக வேண்டும்.

நான் கைமடியாக, டைலருக்குக் கையாளாக, வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இருந்து எனக்கு ஒரு பழக்கம். துணியில் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் கத்தரி தேட மாட்டேன். குனிந்து பல்லால் கடித்துத் துப்பிவிடுவேன். கல்யாண மேடையில் அனுப்பிரியாவின் முந்தானையில் தொங்கிய நூலைக் கடித்து, அவளுடைய அக்கா மைதிலியிடம் திட்டு வாங்கியவன் நான். அன்றைக்கு மணலில் உட்கார்ந்திருந்தபோது என் டைவிங் உடுப்பின் தோளில் ஒரு பிசிறைப் பார்த்தேன். ஓவர்லாக் தையல் சரியாகப் பிடிக்காமல் ஒரு விரல் நீளத்துக்கு நூல் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. எவன்டா இதை செக்கிங்கில் பாஸ் பண்ணினான் என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன். கை தானாகப் போய் மவுத்பீஸை வாயில் இருந்து எடுத்துவிட்டது. குனிந்து வாயைத் திறந்தேன். கடல் உள்ளே வந்த பிறகுதான் எங்கே இருக்கிறேன் என்பதே எனக்கு ஞாபகம் வந்தது.

இதை எப்படி மாப்பிள்ளை சொல்வது? படகில் செல்வக்குமார் கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தப் பிசிறுதான். இதைச் சொன்னால் ஆயுசுக்கும் சிரிப்பார்களே என்று பயந்தேன். நீ செத்துப் பிழைத்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாய். நான் என் மானத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். தலையை ஆட்டிவிட்டேன். அப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்லலாம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டதில், அது சொல்ல முடியாத இடத்துக்குப் போய்விட்டது. கண்ணாடி பார்த்துச் சவரம் பண்ணக்கூட வெட்கமாக இருக்கிறது.

சால்வை வேண்டாம் என்று பொங்கியண்ணன் அண்ணனிடம் சொன்னால் காரணம் கேட்பார். அவர் ஒருவரிடம் மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் எனக்கு மனமில்லை. ஊர் முன்னால் போன பொய்யை ஊர் முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும். ஒன்பதாம் தேதி மேடையில் மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். பிசிறையும் சேர்த்துத்தான் சொல்வேன். நீ வர வேண்டாம்.

உன்
அருள்


பாண்டியன் நகர்
11-2-2025

அன்புள்ள ஆதிப்,

நீ பதில் எழுதவில்லை. விழாவுக்கும் வரவில்லை. நான்தானே வர வேண்டாம் என்றேன். இருந்தாலும் வாசலைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

நான் சொல்லிவிட்டேன். ஒன்றையும் மறைக்கவில்லை. "நான் யாரையும் காப்பாத்தலீங்க. என்னாலதான் ஆதிப் சாகப் பார்த்தானுங்க. எனக்கு இந்தச் சால்வைக்குத் தகுதி இல்லீங்க" என்றுதான் ஆரம்பித்தேன். ஆரம்பித்ததுமே கைதட்டல். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாதா? மேடையில் சால்வை வாங்குகிறவன் எல்லாம் எனக்குத் தகுதியில்லீங்க என்றுதான் பேச்சை ஆரம்பிப்பான். பொங்கியண்ணன் அண்ணன் கோயில் கமிட்டித் தலைவரானபோதும் அதைத்தான் சொன்னார். என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

நானும் விடாமல், உன் மவுத்பீஸைப் பிடுங்கியதைச் சொன்னேன். கூட்டம் அமைதியாகிவிட்டது. சரி, புரிந்துகொண்டார்கள் என்று நினைத்தேன். அப்புறம் பிசிறைப் பற்றிச் சொன்னேன். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. பாதிப்பேர் டைலர்கள்தானே, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். கடலுக்கு அடியில் போய் எவனாவது பிசிறு கடிப்பானா, கூட்டத்தைச் சிரிக்க வைக்கச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் அழுதுவிட்டேன். அதையும் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். பொங்கியண்ணன் அண்ணன் என் கையில் இருந்து மைக்கை வாங்கிக்கொண்டார். "பாத்தீங்களா, சிநேகிதன் பயந்தான்ங்கற பேரு அவனுக்கு வரப்புடாதுன்னு பழியத் தான் ஏத்துக்கறானுங்க இந்தத் தம்பி. இதுதானுங்க பெரிய மனசு" என்றார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சால்வையை அவரே என் தோளில் போட்டுவிட்டார்.

நேற்று உன் வீட்டுக்கு வந்தேன். நீ யூனிட்டில் இருந்த நேரம். ஷாஹிதா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அம்மா காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் என் தலையில் கை வைத்து, "எம் பையன ஆரும் எளக்காரமாப் பேசக்கூடாதுன்னு இப்படியெல்லாம் சொல்றியே கண்ணு. அல்லா உன்னய நல்லா வெப்பான்" என்றார். ஆதிப், தண்ணீருக்குள்கூட எனக்கு இப்படி மூச்சு முட்டவில்லை.

இனி நான் எத்தனை தடவை சொன்னாலும் யாரும் நம்பப் போவதில்லை. நீ சொன்னால் நம்புவார்கள். மன்றத்தில் சொல்ல வேண்டாம் என்றால் அம்மாவிடமாவது சொல். உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அருள்


பெரியதோட்டம்
27-2-2025

அன்புள்ள அருளுக்கு,

உடனே எழுத முடியவில்லை. எழுத உட்கார்ந்தால் கோபம்தான் வந்தது. இப்போது கோபம் இல்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும்.

விழா முடிந்த மறுநாள் செல்வக்குமார் வந்திருந்தான். "இப்பிடி ஒரு சிநேகிதன் கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்டா. நீ விழாவுக்காச்சும் வந்திருக்கலாம்" என்று எனக்கு அறிவுரை சொல்லிவிட்டுப் போனான். அவனிடம் உண்மையைச் சொன்னால் என்ன நினைப்பான்? உயிரைக் காப்பாற்றியவன்மேலேயே பழி போடுகிறான், நன்றி கெட்டவன் என்றுதான் பேசுவார்கள். அதனால் மன்றத்தில் நான் வாயைத் திறக்கப் போவதில்லை. நீ மேடையேறிச் சொன்னாய் என்பது எனக்குத் தெரியும். அதற்கு உனக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்பதும் தெரியும். படகில் அதில் கால்வாசி இருந்திருந்தால் போதும்.

நீ வந்துபோன அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அம்மா கேட்டார். "அருளு சொல்றது நெசமா ஆதிப்பு? அவனாலதான் நீ சாகப் பாத்தியா?" ஷாஹிதா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லிவிடுவேன் என்று அவள் நம்பினாள். நானும் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

ஆனால் அருள், அத்தா இறந்து போனதில் இருந்து அம்மாவுக்கு ஒரே பயம்தான். இந்தப் பையனுக்கு ஒன்று ஆனால் ஓடி வர யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நாம் ஊர் திரும்பிய பிறகு ஒரு நாள்கூட அதைக் கேட்கவில்லை. யூனிட்டில் இருந்து வர நேரமானாலும் இப்போது வாசலில் வந்து நிற்பதில்லை. படுத்தால் தூங்கிவிடுகிறார். நீ இருக்கிறாய் என்ற தைரியம் அவருக்கு. உண்மையைச் சொல்லி அதைப் பிடுங்க எனக்குக் கை வரவில்லை. "இல்லம்மா. அருள் சும்மா எனக்காகச் சொல்றான். அவன் இல்லைன்னா நான் இல்லை" என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவிடம் நான் இதுவரை பொய் சொன்னதில்லை. ஷாஹிதா அன்றைக்குச் சாப்பிடவில்லை. எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. உன்னுடைய பொய்யை இப்போது நானும் சேர்ந்து தூக்கிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த ஆர்டரில் இருந்து காலருக்கு வேறு இடம் பார்த்துக்கொள். உன்னைப் பார்க்கும்போதெல்லாம் படகில் நீ திரும்பிப் பார்த்த முகம்தான் தெரிகிறது. அது எப்போது மறக்கும் என்று எனக்குத் தெரியாது. மறந்தால் நானே போன் செய்கிறேன். அதுவரை நீ செய்யாதே.

இன்னும் இரண்டு மூன்று நாளில் நோன்பு தொடங்குகிறது. முதல் நாள் நோன்பு திறக்க உன்னைக் கூப்பிட வேண்டும் என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டார். நீ வர வேண்டும். வராவிட்டால் ஏன் என்று அவர் கேட்பார், நான் இன்னொரு பொய் சொல்ல வேண்டியிருக்கும். என் பக்கத்தில்தான் உனக்கு இடம் போடுவார். உன் முதுகைத் தடவிக்கொண்டே உனக்குத்தான் முதலில் கஞ்சி ஊற்றுவார். மறுக்காமல் வாங்கிக் குடித்துவிட்டு, அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போ.

ஆதிப்