கவுண்டி அணியிலிருந்து வந்த கடிதம்

ராஜபாளையம்
3-2-1937

அன்புள்ள அத்தானுக்கு,

அம்மா வீட்டுக்கு வந்ததும் குழந்தைக்கு வந்த காய்ச்சல் இறங்கிவிட்டது. இருந்தாலும் மணிக்கொரு தரம் தொட்டுப் பார்க்கிறேன்.

நேற்று வந்த கொழுந்தனார், நீங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையன்களிடம் சொன்னதை என்னிடம் சொல்லிச் சிரித்தார். "ஏலே, கடைசி மேட்ச்சுல ஒரு ரன்னும் எடுக்காம முட்டை போட்டவனை அவனுக திரும்பக் கூப்பிடுவானுகளா?"

கூப்பிட்டார்கள் அத்தான்.

இங்கிலாந்தில் பல்கலைக்கழக அணிக்கும், பிறகு கவுண்டி என்கிற அந்த ஊர் ஜில்லாவின் கிரிக்கெட் அணிக்கும் ஆடிவிட்டு, நம் கல்யாணத்துக்காக நீங்கள் ஊர் வந்த வருஷம் அது. அடுத்த ஜனவரியில் அவர்கள் கடிதம் வந்த அன்று நீங்கள் சோழபுரம் போயிருந்தீர்கள். நான் பிரித்துப் படித்தேன். ஏப்ரலில் வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அப்போது மூன்றாம் மாதம். சொன்னால் கப்பலேறிவிடுவீர்கள் என்று பயந்து, வர இயலாது என்று உங்கள் பெயரில் நானே பதில் எழுதிவிட்டேன். கல்லூரியில் படித்த இங்கிலீஷ் அதற்குத்தான் உதவியது.

பிள்ளை பிறந்த பிறகும் நீங்கள் தபால்காரரை எதிர்பார்த்தே நின்றீர்கள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

அவர்கள் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அந்த ஒரு முட்டையைப் பொருட்படுத்த வேண்டாம் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. முதலில் அதைப் படியுங்கள். எங்களை அழைத்துப்போக வருவதைப் பற்றிப் பிறகு யோசியுங்கள்.

இன்னும் தங்கள் மனைவி என்றே எழுதும்,
தங்கள் மகனின் தாய்