திறக்க மறுத்த பெயர்

திகன, ஞாயிறு இரவு

கட்டாரில் மகள் பெற்ற பிள்ளைக்கு இன்று ஏழாம் நாள், பெயர் வைக்கும் நாள். பெயரைத் தன் குரலில் பதிந்து மின்னஞ்சலில் அனுப்பியிருந்தாள். என் பட்டன் போனுக்கு அதெல்லாம் வராது. என் தட்டச்சுக் கடைக் கணினியில் திறந்தேன். சத்தமே இல்லை, திரை நிறையக் கட்டங்களும் கேள்விக்குறிகளும்.

தவறு என்னுடையதுதான். எதில் திறக்கட்டும் என்று கணினி கேட்கும்போதெல்லாம் கடிதம் அடிக்கும் மென்பொருளையே காட்டி, 'எப்போதும்' என்பதையும் அழுத்திவிடுவேன். மகளின் குரலையும் கடிதமாக்கிவிட்டேன்!

அவளுக்கு அழைத்தேன். "கேட்டுட்டு கோல் எடுங்க வாப்பா" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்த மனைவி ஸீனத், "இன்னம் சரிவரல்லையா?" என்று அரித்துக்கொண்டேயிருந்தாள்.

கடைசியில் கோப்பின் மேல் வலது பொத்தானை அழுத்தி, பாட்டுக் கேட்கும் மென்பொருளைத் தெரிவு செய்தேன். 'எப்போதும்' என்பதையும் விடவில்லை.

"வாப்பா, உம்மா, புள்ளைக்கு பேரு..."

மகள் சொல்லுமுன்பே ஸீனத்தின் உதடுகள் அசைந்துவிட்டன. ஹனா.

"ஒனக்கு முந்தியே தெரியுமா?"

"காலைலயே மகள் செல்லிட்டா. நீங்க கேக்கக்குள்ள உங்கட மொகத்த பாக்கணும்னுதான் செல்லாம இருந்த."

கணினி இப்போது ஒன்றும் கேட்பதில்லை. தொட்டதும் பேத்தியின் பெயரைச் சொல்கிறது. கடை பூட்டும்வரை திரும்பத் திரும்பத் திறந்தேன். ஸீனத் ஒரு தடவைகூடத் திரையைப் பார்க்கவில்லை.