வாய் தெரிய வைத்த ஜாடி

இன்று காலை செய்முறைத் தேர்வுக்காக ஆய்வகத்தில் ஃபார்மலின் ஜாடிகளை வெளியே எடுத்தபோது கண் எரிந்தது. கூடவே நீ நினைவுக்கு வந்துவிட்டாய். விலாங்கு போலிருக்கும் பெட்ரோமைசான் மீனின் ஜாடியை யாரோ வால் தெரியும்படி வைத்திருந்தார்கள். உனக்குத்தான் அப்படி வைப்பது ஆகவே ஆகாதே!

ஒரே கல்லூரியில் விலங்கியல் நடத்தி, ஒரே ரயிலில் பட்டாபிராம் திரும்பினோம். வகுப்பில் நீ பேசுவது புத்தகத் தமிழ், என்னிடம் பேசுவது ஊர்த் தமிழ். செய்முறைத் தேர்வன்று முதல் ஆளாக வந்து, அந்த மீனின் வாய் பிள்ளைகளைப் பார்க்கும்படி ஜாடியைத் திருப்பி வைப்பாய். இல்லாவிட்டால் அத்தனை பேரும் 'விலாங்கு' என்று எழுதித் தொலைப்பார்கள். வட்ட வாய், வளையம் வளையமாகப் பல், நடுவே அரம் போன்ற நாக்கு. எல்லோரும் முகம் சுளிக்க, உனக்கு மட்டும் இரக்கம். "தாடையே இல்லடி அதுக்கு. இன்னொரு மீன்ல ஒட்டிக்கினு ரத்தம் குடிக்காம வேற இன்னா பண்ணும், பாவம்!"

பிறகு உன் சிறுநீரகங்கள் கைவிட்டன. அம்பத்தூரில் டயாலிசிஸ். உன் தம்பி வேலைக்கு லீவு போட்டுப் போட்டு உன்னோடு வந்தான்; முடிந்த நாளெல்லாம் நானும் வந்தேன். ரத்தம் உறையாமலிருக்க நர்ஸ் மருந்து ஏற்றியபோது, "நம்ம மீனு எச்சிலுக்கும் இதே வேலைதான்டி" என்று சிரித்தாய். சிரித்த வாயோடு, "தம்பி உயிரை உறிஞ்சிக்கினு கீறேன். போதும், இனிமே வரமாட்டேன்" என்றாய்.

ஆறுதலுக்குப் பதில், நீ வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் வழக்கமாகக் கேட்கும் கேள்வியை உன்னிடமே கேட்டேன். "வாய் ஒட்டிக்கிட்டு இருக்கறப்ப அது எப்படி மூச்சு விடும்? சொல்லு."

வாத்தியாரம்மா புத்தி எங்கே போகும்! ஊசி குத்தாத கையால் கழுத்தோரம் தொட்டுக் காட்டினாய். "பக்கத்துக்கு ஏழு ஓட்டை கீது. அது வழியாவே தண்ணி உள்ள போவும், அது வழியாவே வெளிய வரும்." பிறகு என் கையைப் பிடித்தாய். "தம்பி மேல ஒட்டிக்கினு கீறேன், ஆனா எனக்கு மூச்சு விட நீ கீறே. நீ வந்துகினே இரு, நானும் வரேன்."

உடம்பு தாங்கியவரை சொன்ன சொல் தவறாமல் வந்தாய். போன மழைக்காலத்தில் போய்விட்டாய். தம்பி இன்னும் உன் பேச்சை எடுத்தாலே குழந்தை மாதிரி அழுகிறான்.

இன்று ஜாடியைத் திருப்பி வைத்தேன். முதலில் வந்த பெண் குனிந்து பார்த்துச் சரியாக எழுதினாள். வைவாவில் உன் கேள்வியைக் கேட்டேன். "வாய் ஒட்டியிருந்தாலும் பக்கத்துக்கு ஏழு ஓட்டை இருக்கு மேடம், அது வழியா மூச்சு விடும்" என்றாள். முழு மதிப்பெண் போட்டுவிட்டு வராந்தாவுக்கு வந்து அழுதேன்.

இனி எல்லாத் தேர்விலும் இதையேதான் கேட்பேன். ஆனால் நீ சொல்லுடி, நான் எது வழியாக மூச்சு விடுவது?