நான் தேடச் சொன்ன பிள்ளை

பசுவந்தனை
கார்த்திகை 5

அன்பு மகள் வள்ளிமயிலுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம். உன் உடம்பு தேறிவிட்டதா, எழுந்து நடமாடுகிறாயா என்று தெரிந்துகொள்ளத்தான் நாற்பது நாளாகத் தவிக்கிறோம். போன் போட்டால் நீ எடுப்பதில்லை. மாப்பிள்ளை எடுக்கிறார், அவர் பேசும் இங்கிலீஷ் எனக்குப் புரிவதில்லை, நான் பேசும் தமிழ் அவருக்கும் புரிவதில்லை. அதனால் கோவில்பட்டி தபாலாபீசில் விசாரித்து இந்தக் கடிதத்தை வெளிநாட்டுத் தபாலில் அனுப்புகிறேன். கிழிப்பதானால் முழுதும் படித்துவிட்டுக் கிழி தாயி.

அன்று காலை நான் உளுந்துக் காட்டில் நின்றேன். மாப்பிள்ளையிடமிருந்து மெசேஜ் வந்தது. வீ லாஸ்ட் த பேபி. எட்டாவது படித்தவன் என்ற திமிரில் நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். லாஸ்ட் எனக்குத் தெரிந்த வார்த்தை. என் லைசென்ஸ் தொலைந்தபோது ஸ்டேஷனில் கொடுத்த பேப்பரில் அதுதான் இருந்தது. குறைமாதத்தில் பிள்ளை பிறந்து, ஆஸ்பத்திரியில் எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று நினைத்துவிட்டேன். வெயிலும் பதற்றமும் சேர்ந்து அந்த வாய்ஸ் மெசேஜை உனக்கு அனுப்பினேன். ஏட்டி, ரெண்டு பேரு இருந்து ஒரு பிள்ளையப் பாத்துக்கிட முடியலையா, உன் கண்ணு எங்கன இருந்துச்சு, போலீஸ்ல எழுதிக் குடுத்தியளா, பிள்ளை கிடைக்காம எனக்குப் போன் பண்ணாதன்னு சொன்னேன். நீயும் பண்ணவில்லை. உன் அம்மா, பிள்ளை கிடைக்க வேண்டும் என்று மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். நாலு நாள் இரண்டு பேரும் போனையே பார்த்துக்கொண்டு இருந்தோம்.

ஐந்தாம் நாள் மாப்பிள்ளை, நீ ஹேங்கிங் இன் தேர் என்று அனுப்பினார். ஹேங்கிங் என்றதைப் பார்த்ததும் நீ தூக்குப் போட்டுக்கொண்டாய் என்று எனக்குக் கண் இருண்டுவிட்டது. சட்டைகூடப் போடாமல் யாசின் கடைக்கு ஓடினேன். செல்போன் ரிப்பேர் பார்க்கிறானே, முன்பு சவூதியில் ஆஸ்பத்திரி வேலை பார்த்தவன், அவன்தான். வாசித்துவிட்டு, பயப்படாதிய அண்ணாச்சி, தங்கச்சி எப்படியோ தாக்குப்பிடிச்சுக்கிட்டு இருக்காவன்னு அர்த்தம் என்றான். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது, அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அவன், எதைத் தாக்குப்பிடிக்காவ என்று மெசேஜை மேலே தள்ளிப் பார்த்தான். எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டான். அண்ணாச்சி, இது தொலைஞ்சது இல்ல, பிள்ளை தவறிப்போச்சு என்றான்.

மயிலு, நம்மூரிலும் ஒருத்தர் தவறிட்டாவ என்றால் யாராவது டார்ச் எடுத்துக்கொண்டு தேடப் போகிறோமா? நீ அண்டர் த வெதர் என்று முன்பு மாப்பிள்ளை அனுப்பியபோது, உடம்பு சரியில்லை என்று அர்த்தம் தெரியாமல், குடை கொண்டு போ என்று சொல்லி உன்னைச் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்தவன்தானே நான். அன்றே புத்தி வந்திருக்க வேண்டும். வயிற்றில் சுமந்ததைப் பறிகொடுத்துவிட்டு நீ படுத்திருந்தபோது உன் காதில் விழுந்த அப்பன் குரல் அதுவா? அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. யாசின், தானே உனக்கு விவரமாக எழுதுவதாகச் சொன்னான். வேண்டாம், தப்பு என்னுடையது, நான்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அம்மாவிடம் சொல்ல எனக்கு ஒரு பகல் பிடித்தது. உன் பிரசவத்துக்கென்று கிழித்துத் துவைத்து வைத்திருந்த பழைய வேட்டித் துணிகளை அவள் உன்னிடம் வர அடுக்கிய பெட்டியை விட்டு இன்னும் எடுக்கவில்லை. என்னோடு பேசுகிறாள், ஆனால் முகம் பார்ப்பதில்லை.

இங்கே இரண்டு மழை பெய்தது, உளுந்து பூவெடுத்திருக்கிறது. அம்மாவுக்கு விசா கைக்கு வந்துவிட்டது. நீ ஒரு வார்த்தை சொன்னால் புறப்பட்டு வருவாள். குளிரில் வெறுந்தலையோடு திரியாதே, மாத்திரையை நிறுத்தாதே. மாப்பிள்ளையைக் கோபிக்காதே, அவர் சரியாகத்தான் எழுதினார். பெத்த வயிறு குளிர நீ நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும்.

அந்த வாய்ஸ் மெசேஜை அழித்துவிடு. போன் பண்ணு. நான் வாயைத் திறக்க மாட்டேன், நீ அழுதாலும் வைதாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். பிள்ளை ஆணா பெண்ணா என்று மட்டும் சொல்லு. அது எங்களுக்கு இன்னும் தெரியாது.

இப்படிக்கு,
உன் அப்பா
சு. மந்திரமூர்த்தி