தங்க நிறக் கதவு

மார்ச் 3, செவ்வாய்

மருந்துக் கடையில் இன்று நல்ல வேட்டை. இருமல் மருந்து வந்த அட்டைப் பெட்டிகள், பளிச்சென்ற இளநீலம், ஒரு பை நிறைய. “பில் போடற வேலையை மட்டும் பாரும்மா” என்றார் முதலாளி. பையைக் கட்டிக் கொடுத்ததும் அவர்தான்.

என் தெருப் படத்துக்கு வானம் கிடைத்துவிட்டது. சோப்பு உறையில் வீடுகள், பிஸ்கட் உறையில் மரங்கள், பேருந்து டிக்கெட்டில் நடைபாதை. மாதக் கடைசியில் நூலகத்தில் மாட்டப்போகிறார்கள். “பழைய பேப்பர் கடைன்னு நினைச்சு யாராவது தராசோட வரப்போறாங்க” என்கிறார் இவர். வரட்டுமே.

நாத்தனார் அறையை விட்டு வரவில்லை. கணவனை விட்டு இங்கே வந்து இரண்டு மாதம். கேட்டால் “ம்”, கேட்காவிட்டால் அதுவும் இல்லை. ஒரு காலத்தில் வாய் ஓயாதவள்.

மார்ச் 9

படத்தில் கோடி வீட்டுக் கதவுக்குத் தங்க நிறம் வேண்டும். எதுவும் அமையவில்லை. எரிச்சல்.

மார்ச் 11, புதன்

பரணில் பழைய காகிதங்களுக்கு நடுவே ஒரு கெட்டி அட்டை. பின்பக்கம் முழுக்கத் தங்கத் தாள், அதில் குட்டிக் குட்டிப் பறவைகள். சந்தோஷத்தில் திருப்பிக்கூடப் பார்க்காமல் நறுக்கி ஒட்டிவிட்டேன். மிச்சத் துண்டைத் திருப்பினால் நாத்தனார் பெயர். அவளுடைய கல்யாணப் பத்திரிகை.

ஐயோ, என்ன காரியம் செய்தேன்.

மார்ச் 12

பிரித்துப் பார்த்தேன், வரவில்லை. பாழாய்ப்போன பசை. “அவ எங்க நூலகத்துக்கு வரப்போறா, விடு” என்கிறார் இவர். எப்படி விடுவது? அந்தப் பறவைகளைத் தேர்ந்தெடுத்ததே அவள்தான். பார்த்த உடனே தெரிந்துகொள்வாள். நான் வேண்டுமென்றே குத்திக்காட்டியதாக நினைத்தால்? அவளுக்கு இருப்பது இந்த ஒரு வீடு. இங்கேயும் இருக்க முடியாமல் போய்விட்டால்?

மார்ச் 15, ஞாயிறு

சொல்லிவிட்டேன். படத்தை அவள் அறைக்கே தூக்கிக்கொண்டு போய்க் கதவைக் காட்டினேன். “தெரியாம பண்ணிட்டேன்ம்மா.”

பறவைகளை நகத்தால் தடவினாள்.

“ஜன்னலுக்கு என்ன பண்ணப்போறீங்க அண்ணி?”

“ஜன்னலா?”

“கதவு மட்டும் மின்னினா நல்லாவா இருக்கு?”

கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். உள்ளே பிரிக்காத ஒரு கட்டுப் பத்திரிகை. “அப்பா ஊருக்கே வேணும்னு அடிச்சிட்டார். தூக்கிப் போடவும் மனசு வரல, பாக்கவும் பிடிக்கல. வெட்டுங்க.”

நான் அழுதுவிட்டேன். அவள் கத்தரிக்கோலைக் கேட்டாள்.

மார்ச் 21

ஜன்னலைக் கோணலாக ஒட்டினேனாம். பிரித்து ஒட்டச் சொல்லி ஒரே அதிகாரம். திட்டு வாங்கிக்கொண்டே சிரித்தேன்.

மார்ச் 28, சனி

மாட்டியாயிற்று. தெருவே ஜொலிக்கிறது. ஒரு பெரியவர் கிட்டே வந்து, “இந்தத் தங்கத் தாள் எங்க கிடைக்குது?” என்று கேட்டார்.

“என் கல்யாணப் பத்திரிகைங்க. இன்னும் பாதிக் கட்டு இருக்கு, வேணுமா?” என்றாள் நாத்தனார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எங்கள் இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

நூலகர் எழுந்து வந்து, “கொஞ்சம் சத்தம் போடாம இருங்கம்மா” என்று அவளை அதட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொன்னேன். தங்கையை ஒருவர் சத்தம் போடாதே என்று சொன்ன கதையை, இன்னொரு தடவை சொல், இன்னொரு தடவை சொல் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.