மாத்திரை போடாமல் போன காலைகள்

என் அருமை அப்பா,

கல்லறைத் தோட்டத்துக்கு வந்தால் அம்மா அழ ஆரம்பித்துவிடுகிறாள். உங்களோடு நாலு வார்த்தை பேச முடிவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தம்பி டல்லாஸில் வீடு வாங்கிவிட்டான். அம்மாவை அங்கே கூப்பிடுகிறான். அவளோ மன்னார்குடியை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். அதுகூடப் பரவாயில்லை. பிரஷர் மாத்திரையைத் தொட மாட்டேன் என்று அடம்பிடித்தாள் பாருங்கள், அதில்தான் எனக்குப் பயம் வந்தது. "அந்த மாத்திரைதான் உங்கப்பாவத் தலைசுத்த வச்சுக் கீழ தள்ளிச்சு" என்பாள். கொல்லைக் குழாயடியில் நீங்கள் விழுந்து இடுப்பு ஒடிந்து, பிறகு படுக்கையை விட்டு எழாமலே போனதைப் பார்த்தவள் அவள். நான் என்ன சொல்வது?

சென்னையிலிருந்து வந்து, ஒருவழியாகத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனேன். அங்கே ரத்தக்குழாய் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று பார்க்கும் கருவி இருக்கிறது. கையிலும் காலிலும் பட்டை சுற்றி, நாடித்துடிப்பு எவ்வளவு சீக்கிரம் ஓடிப் போய்ச் சேருகிறது என்று அளக்கிறார்கள். வேகமாகப் போனால் நல்லது என்று நினைத்தேன். இல்லையாம். நம் பம்புசெட்டு ஹோஸ் போலத்தான். புதுசு தண்ணீருக்கு உப்பிக் கொடுக்கும்; வெயிலில் காய்ந்த பழசு கொடுக்காது, மோட்டார் போட்ட அடி நேரே நுனிக்குப் போய்விடும். அம்மாவுக்குக் குழாய் விறைத்திருக்கிறது. அதனால்தான் பிரஷரில் மேல் எண் ஏறியும் கீழ் எண் இறங்கியும் இருக்கிறதாம்.

மாத்திரை ஏன் வேண்டாம் என்று அந்த டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். அம்மா உங்கள் கதையைச் சொன்னாள். செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் பிரஷர் ஏறியிருந்ததையும், ஒவ்வொரு தடவையும் டோஸைக் கூட்டியதையும் சொன்னாள்.

"அன்னிக்குக் காலைல மாத்திரை போட்டுட்டுப் போவாராம்மா?"

"அன்னிக்கு எப்படிம்மா போடுவாரு? சர்ச்சுல சாமியார்கிட்ட நன்மை அப்பம் வாங்கப் போற மாதிரி வெறும் வயித்தோடல்ல போவாரு! உள்ளது உள்ளபடி டாக்டருக்குத் தெரியணும்பாரு. நான்தான் மாத்திரைய எடுத்து அலமாரில வச்சுடுவேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மாத்திரை இல்லாத காலையில் அளந்து டோஸைக் கூட்டியிருக்கிறார்கள். மற்ற நாளெல்லாம் கூட்டிய டோஸை விழுங்கியிருக்கிறீர்கள். அந்த வயசில் உங்களுக்கும் குழாய் விறைத்திருக்குமாம்; டோஸ் கூடிப்போனால், சட்டென்று எழும்போது பிரஷர் இறங்கித் தலை சுற்றுமாம். "இது உங்க தப்பு இல்லம்மா. நாங்கதான் கேட்டிருக்கணும்" என்றார். அம்மாவை எழுந்து நிற்கச் சொல்லி மறுபடியும் அளந்து, சின்ன டோஸாக எழுதிக் கொடுத்தார்.

எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது அப்பா. வகுப்பில் "கேள்வி கேளுங்கடா" என்று பிள்ளைகளை விரட்டிய வாத்தியார், டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கக் கூடாதா?

ஊர் திரும்பும் பஸ் வடுவூரைத் தாண்டியது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப நான்தாண்டி அவரைக் கொன்னுட்டேன்" என்றாள். இல்லை, இல்லை என்று எத்தனை விதமாகச் சொன்னாலும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள். நீங்கள் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாளோ?

மறுநாள் காலை மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உங்கள் படத்துக்கு முன்னால் நின்றாள். "உங்கள அப்படி அனுப்பிட்டு, நான் மட்டும் போட்டுக்கவா?"

உங்கள் அனுமதி இல்லாமல் ஒன்று செய்தேன். "போட்டுக்க லூர்து, நான் சொல்றேன்ல" என்றேன். நம் வீட்டில் அவளை லூர்து என்று கூப்பிட்டது நீங்கள் மட்டும்தான். திரும்பி என்னையே பார்த்தாள். பிறகு தண்ணீர் கேட்டாள்.

இனி அவள் எந்த டாக்டரிடம் போனாலும் நான் கூடவே இருப்பேன். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்பேன். அவள்மேல் உங்களுக்குக் கோபம் இல்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்குத்தான் இன்னும் தெரியவில்லை. தெரியும்வரை சொல்லிக்கொண்டே இருப்பேன் அப்பா.

உங்கள் லூர்துவைப் பார்த்துக்கொள்ளும்
மூத்த மகள்