ராகு காலத்தில் இறுகிய சோப்பு

1961 ஜனவரி 4, புதன்

இன்றைக்கும் அதே கதைதான். சாயங்காலம் அவர் பவுண்டரியிலிருந்து வந்து உட்கார்ந்ததும் பாப்பா தவழ்ந்து போய், வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அவர் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டார். போலீஸில் மாட்டின திருடன்கூட இப்படித் தூக்க மாட்டான். "அம்மணி, வந்து எடுத்துக்க" என்று என்னைக் கூப்பிடுகிறார்.

பம்புசெட்டுக்கு இரும்பு வார்க்கிற கை. உள்ளங்கை முழுக்க வெடிப்பு. கார்த்திகையில் ஒரு நாள் கொஞ்சும்போது பாப்பா கன்னத்தில் உரசி, சிவப்பாகக் கோடு விழுந்துவிட்டது. அது இரண்டு நாளில் மறைந்தது. இவர் மனசைவிட்டுத்தான் இன்னும் மறையவில்லை. அன்றிலிருந்து பிள்ளையைத் தொடுவதில்லை.

பங்குனியில் காரமடைக் கோயிலில் பாப்பாவுக்கு மொட்டை போடுவதாக வேண்டுதல் இருக்கிறது. "உங்க அண்ணன் மடியில வெச்சுக்கட்டும். சந்தனமும் அவரே பூசட்டும். நான் அக்கட்ட நின்னுக்கறேன்" என்று இப்போதே சொல்கிறார். பெற்ற அப்பன் தள்ளிப்போய் அக்கட்ட நிற்பதா? வந்த கோபத்தில் காப்பிக்குச் சர்க்கரை போட மறந்துவிட்டேன். அதையும் குடித்துவிட்டுப் போனார், மகராஜன்.

ஜனவரி 9, திங்கள்

நேற்று அவர் கை கழுவுவதைப் பின்னால் நின்று பார்த்தேன். சீமெண்ணெயை ஊற்றி, மணலைப் போட்டுத் தேய்க்கிறார். கையா, அடிபிடித்த சட்டியா? பிறகு வெடிக்காமல் என்ன செய்யும்? கேட்டால், கடைச் சோப்புக்கு இந்த அழுக்கு மசியாதாம்.

இன்று மாதர் சங்கத்தில் கிருபாவதி டீச்சர் தேங்காய் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் கலந்து சோப்பு செய்யக் கற்றுக்கொடுத்தார். எனக்கு ஒரு யோசனை. "மணலுக்குப் பதிலா இதுல உப்பைப் போட்டா என்னுங்க டீச்சர்?" என்றேன்.

"போடலாம் ராமாமணி. அழுக்கும் எடுக்கும், சோப்பும் கரையாம நிக்கும். ஆனா உப்பு சேர்ந்தா சீக்கிரம் இறுகிப்போகும். சூடு ஆறுறதுக்குள்ள துண்டு போட்ரோணும். அப்புறம் ஒரு மாசம் காயோணும். அவசரப்பட்டுக் கையில போட்டீங்கன்னா புண்ணாயிரும்."

சூடு ஆறுவதற்குள் துண்டு போட வேண்டும். இதில் என்ன கஷ்டம்?

ஜனவரி 14, சனி

பொங்கல். உட்கார நேரமில்லை.

ஜனவரி 20, வெள்ளி

அப்படி ஒரு கோபம். எழுதித்தான் ஆற வேண்டும்.

காலையில் வேலையெல்லாம் முடித்து, சோப்புக் கலவையைக் கிண்டு கிண்டென்று கிண்டி, தூள் உப்பு சேர்த்து மரத்தட்டில் ஊற்றினேன். வெள்ளை வெளேரென்று அல்வா மாதிரி நின்றது. இளஞ்சூடாக இருக்கும்போதே துண்டு போடலாம் என்று கத்தியைத் தேடினால், காணோம். வதினா இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கிறார். வதினா என்றால் இவருடைய அக்கா கனகம். எங்கள் வீட்டுப் பஞ்சாங்கம்.

"பத்தரை ஆச்சு. ராகு காலத்துல, அதுவும் வெள்ளிக்கிழமை, புதுசா செஞ்சதுல கத்தி வெக்கறதா? பன்னெண்டு மணி வரைக்கும் பொறு அம்மணி. சோப்பு எங்க ஓடியா போகுது?"

கெஞ்சினேன். கொஞ்சினேன். டீச்சர் சொன்னதைச் சொன்னேன். "டீச்சர் வேதக்காரங்க. அவங்களுக்கு ராகு காலம் கெடையாது" என்று ஒரே போடாகப் போட்டார்.

பன்னிரண்டு மணிக்குக் கத்தி கைக்கு வந்தது. அதற்குள் சோப்பு கருங்கல். அழுத்தினால் கத்தி வழுக்குகிறது. அம்மிக் குழவியால் ஒன்று வைத்தேன் — பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. எண்ணெய் போச்சு, உழைப்பும் போச்சு. சோப்பு ஓடியா போகும்னு கேட்டாங்களே, இப்ப ஊடு பூரா ஓடிக் கெடக்குது, வந்து பொறுக்கிக்கட்டும்.

ஜனவரி 21, சனி

வதினாவோடு பேச்சில்லை. மத்தியானம் ரசத்தில் உப்பே போடவில்லை. வேண்டுமென்றேதான். வதினா பாட்டுக்குப் பிசைந்து சாப்பிட்டார். எனக்கே பொறுக்காமல், "உப்பு வேணுங்களா?" என்றேன்.

"வேண்டாம் அம்மணி. நேத்தே நெறையப் போட்டுட்டே."

சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்படிக்குள் ஓடிவிட்டேன்.

ஜனவரி 22, ஞாயிறு

உதிர்ந்த சோப்பை முறத்தில் அள்ளிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "எதுக்கு வெட்டறே? நாங்க பம்பை வார்த்துப்போட்டு அப்புறமா வெட்டறமா? மண்ணுல உருவம் புடிச்சு அதுக்குள்ளதானே ஊத்தறம்."

அட, ஆமாம். கத்தியே வேண்டாம் என்றால் ராகு என்ன செய்ய முடியும்?

இதைக் கேட்டுக்கொண்டிருந்த வதினா எழுந்து போனார். அடுப்பெரிக்க வைத்திருந்த கொட்டாங்குச்சிகளில் நல்லதாகப் பார்த்து எடுத்து வந்து, கண்ணாடித் துண்டால் உள்பக்கத்தை வழவழவென்று சுரண்ட ஆரம்பித்தார். "உங்களுக்கு எதுக்குங்க வதினா இந்த வேலை?" என்றேன்.

"எந்தம்பி பெத்த புள்ளையைத் தூக்க மாட்டீங்கறான். எனக்கு மட்டும் வவுறு எரியாதா?"

பக்கத்தில் உட்கார்ந்து நானும் சுரண்டினேன்.

ஜனவரி 26, வியாழன்

குடியரசு தினம், பவுண்டரி லீவு. கலவையை அவரே கிண்டினார், பக்கத்தில் யாரையும் விடாமல். கொட்டாங்குச்சிக்குள் எண்ணெய் தடவி ஊற்றினோம். நல்ல நேரமெல்லாம் வதினா பொறுப்பு. சாயங்காலம் கவிழ்த்துத் தட்டினால் குட்டிக் குட்டி வெள்ளைக் குன்றுகளாக விழுந்தன. ஒன்றுகூட உடையவில்லை. மூன்று பேரும் ஈயென்று இளித்துக்கொண்டு நின்றோம். பாப்பா ஒன்றை எடுத்து வாயில் வைக்கப் பார்த்தாள். பிடுங்கியதற்கு ஊரைக் கூட்டினாள்.

இனி ஒரு மாதம் பரண்மேல் காய வேண்டும்.

பிப்ரவரி 25, சனி

நான் ஒரு மடச்சி.

வெடித்த கையில் உப்பைத் தேய்த்தால் எரியாதா? நுரை பட்டதும் அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ரசாக் பாய் ஓடி வந்துவிட்டார். இவர் கிணற்றடியில் குதிக்கிறார், நான் தண்ணீர் ஊற்றுகிறேன், வதினா ஊதிவிடுகிறார். கை சிவந்துபோய்விட்டது. எனக்கு அழுகை. "சோப்பு நல்லாத்தான் இருக்குது. கைதான் சரியில்லை" என்று அவரே என்னைத் தேற்றுகிறார்.

வெடிப்பு மூடினால்தான் சோப்பு. சீமெண்ணெயும் மணலும் இன்றோடு நின்றாக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். தினம் படுக்கும்போது விளக்கெண்ணெயில் தேன்மெழுகு உருக்கித் தடவி, துணி சுற்ற வேண்டும்.

மார்ச் 2, வியாழன்

கையில் துணி சுற்றிக்கொண்டு குத்துச்சண்டைக்காரர் மாதிரி தூங்குகிறார்.

மார்ச் 16, வியாழன்

வெடிப்பெல்லாம் மூடிவிட்டது. இன்று மறுபடி சோப்பு. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் தேய்த்தேன். சத்தம் வரவில்லை. நுரை கொஞ்சம்தான். ஆனாலும் நகக்கண்ணில் இருந்த கறுப்பெல்லாம் கரைந்து போகிறது. கல்யாணத்தன்று பிடித்த கை இதுதானா என்று நானே திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"இப்பத் தூக்குங்களேன்" என்றேன்.

"நாளைக்குப் பாக்கலாம் அம்மணி."

மார்ச் 21, செவ்வாய்

இன்றும் "நாளைக்கு"தான். கை ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை. அதற்கு எந்தச் சோப்பைக் காய்ச்சுவது?

மார்ச் 25, சனி

காரமடை போய் வந்தோம். இடுப்பு கழன்றுவிட்டது, ஆனாலும் எழுதாமல் தூக்கம் வராது.

ஒன்பது மணிக்கு ராகு காலம், அதற்குள் மொட்டை முடிந்தாக வேண்டும் என்று விடியும் முன்பே வதினா எங்களை பஸ் ஏற்றிவிட்டார். மேட்டுப்பாளையத்திலிருந்து அண்ணன் அரங்கசாமி வந்து காத்திருந்தார். அவர் மடியில் வைத்துத்தான் மொட்டை. பாப்பா அலறிய அலறலில் கோயிலே திரும்பிப் பார்த்தது. ஒன்பதுக்குள் தலையைக் குளிப்பாட்டித் துடைத்தாயிற்று. அழுகை மட்டும் நிற்கவில்லை. இவர் சொன்னபடி தூண் பக்கத்தில், அக்கட்ட.

அண்ணன் சந்தனக் கிண்ணத்துக்குக் கை நீட்டினார். வதினா அதை எடுத்துக்கொண்டு நேராகத் தூணுக்குப் போனார்.

"பூசு சாமி."

"இப்பத்தான் சவரம் பண்ணின தலைங்கக்கா. தோலு உரசிப்போச்சுன்னா..."

வதினா கிண்ணத்தை நீட்டியபடியே நின்றார். இவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். வேட்டியில் துடைத்தார். மறுபடி பார்த்தார். பிறகு வந்து அண்ணன் எதிரே உட்கார்ந்து, ஒரு விரலால் தொட்டு உச்சியில் வைத்தார். பாப்பா தலையை இழுத்துக்கொள்ளவில்லை. இரண்டு விரல். அப்புறம் உள்ளங்கை முழுசும். மெதுவாக, வழித்து வழித்து. அழுகை விக்கலாகி, விக்கலும் நின்றது. பாப்பா அண்ணன் மடியிலிருந்து இரண்டு கையையும் அவரிடம் நீட்டினாள். அவர் தூக்கிக்கொண்டார். எனக்குக் கண் மறைத்துவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் தோளிலேயே தூங்கிவிட்டாள். சட்டை பூராவும் சந்தனம். "இப்படிக் குடுங்க, கை வலிக்கும்" என்றேன். "இருக்கட்டும்" என்றார். ஊர் வரும்வரை அதே பதில்தான்.

பீளமேடு வந்து இறங்கும்போது வதினாவிடம் மெதுவாகக் கேட்டேன். "சந்தனம் பூசறப்ப ஒம்பது மணி தாண்டிப்போச்சுங்களே?"

"அப்படியா அம்மணி?" என்று முந்தானையை உதறிக்கொண்டு நடந்தார். "நான் மணி பாக்கலியே."